மரத்தில் ஏறாத குரு

1972-இல் வெளிவந்த 'தி பொசைடன் அட்வெஞ்சர்' திரைப்படத்தைக் கண்டோர், ஜீன் ஹாக்மனின் துணிவுமிக்க போதகரையும், நீருக்குள் நீந்தி அவரை மீட்டு உயிர்துறக்கும் ஷெல்லி வின்டர்ஸையுமே நினைவுகூர்வர். என் நெஞ்சில் நிலைத்தவரோ ஆர்தர் ஓ'கானல்.

புத்தாண்டு இரவில் பேரலை மோதிக் கப்பல் தலைகீழாய்க் கவிழ்கிறது. கிறிஸ்துமஸ் மரத்தையே ஏணியாக்கி மேலேற அழைக்கிறார் போதகர், பெரும்பாலோர் மறுக்கின்றனர். கப்பலின் ஆன்ம குருவாக வரும் ஓ'கானல், தங்கினால் மரணமே என்று எச்சரிக்கப்பட்டும், காயமுற்றோரை விட்டு அகல மனமின்றி நின்றுவிடுகிறார். வீரவசனம் ஏதுமில்லை, களைத்த முகம், தணிந்த குரல், அவ்வளவே. சற்றைக்கெல்லாம் கடல் உட்புகுகிறது.

படம் போதகர் பக்கமே சாய்கிறது. பிழைக்கும் வழியைக் காட்டியவர் அவரல்லவா! மறுக்க என்னாலும் இயலவில்லை. ஆயினும் நோயிற்பூசுதல் அளித்தபின், செய்வதற்கு வேறொன்றுமின்றிக் கட்டிலருகே அமர்ந்திருக்கும் இரவுகளில், அந்த முதிய குருவின் முகமே என் கண்முன் வருகிறது.