வாட்ஸ்அப்பில் புதைந்த பட்டா

பட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்றிதழ், வீட்டுவரி ரசீது எல்லாம் இன்று விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறுவாசிக்கும் பிடிஎஃப் கோப்பாகவே வந்து சேர்கின்றன. வந்த வேகத்திலேயே வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் போய்விடுகின்றன. பத்திரத்தை மஞ்சப்பையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்த பாட்டிகள் இதில் கெட்டிக்காரர்கள்.

இந்தப் பட்டாசு வட்டாரத்தில் ஆவணங்களில் காட்டும் அலட்சியம் ஆபத்தானது. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தனர்; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இப்படிப்பட்ட விபத்துகளில் இழப்பீடு கோரும் குடும்பத்திடம் வாரிசுச் சான்று கேட்பார்கள், வேலை பார்த்த ஆதாரமும் கேட்பார்கள். உள்குத்தகைக்குக் கைமாறிய ஆலையில் இரண்டாவதுதான் பெரும்பாடு. பிஎஃப் பிடிக்கப்படும் தொழிலாளி பணிக்காலத்தில் இறந்தால், பிஎஃப்போடு சேர்ந்த இடிஎல்ஐ காப்பீடாகக் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அவருடைய பிஎஃப் கணக்குக்கான 12 இலக்க யுஏஎன் எண் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அரசுக்கும் கடமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4(1)(அ) பிரிவு, அலுவலகங்கள் ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பராமரிக்க வேண்டும் என்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். 'கோப்பு காணவில்லை' என்று கைவிரிப்பது சட்டம் அனுமதித்த விலக்கு அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மேல்முறையீட்டில் இதைத் தயங்காமல் எழுதலாம்.

அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஒரு நுணுக்கம். துறைகளே அதில் வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம். நாமே படம்பிடித்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு இல்லை.

ஒரே இடத்தை நம்புவதும் தவறு. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜியோன் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்து, மாற்றுப்பிரதி இல்லாத 858 டெராபைட் அரசுக் கோப்புகள் அழிந்தன. கைபேசியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று வைத்தாலே பாதி பயம் போகும்.

'ஸ்கேன்001' என்ற பெயரில் எதையும் தேட முடியாது. 'பட்டா-2024-அப்பா பெயர்' என்று மாற்றி, நிலம், வேலை, படிப்பு, மருத்துவம் என்ற நான்கு ஃபோல்டர்களில் பிரித்துப் போடுங்கள். பிரௌசிங் சென்டர் கணினியில் இறக்கிய நகலை அழித்துவிட்டே எழுந்திருங்கள். முழு எண் கேட்காத இடத்தில் எண்ணின் ஒரு பகுதியை மறைத்த முகமூடி ஆதாரே போதும். பழைய சிம்மைத் தூக்கிப்போடும் முன் ஆதாரில் புது எண்ணைச் சேர்த்துவிடுங்கள். ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் ஓடிபி போகும்.

யுஏஎன் தளத்தில் வாரிசு நியமனம் செய்யாதவர்கள் இந்த வாரமே செய்துவிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.