கிணற்றடிச் சோதனை

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி ஏறப் போகிறவர்களுக்கு மகாராஜபுரம் தெரிந்திருக்கும். வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். இதையும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகாசியையும் சேர்த்த சீமையைக் கிறிஸ்தவ மிஷனரிகள் வடதிருநெல்வேலி என்றார்கள். 1854-ல் இங்கே கூடாரத்தோடு வந்து இறங்கினார் தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர், சென்னையில் சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். அந்த நாற்காலியை விட்டுவிட்டு, பென், மெடோஸ் என்ற இரண்டு துணைவர்களோடு கரிசல் காட்டில் ஊர் ஊராகக் கூடாரம் மாற்றிக்கொண்டு அலைந்தார். ஏற்கெனவே நெஞ்சுநோய்க்காரர். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தபோது வயது 43.

ராக்லண்டின் பாடுகளைப் பற்றி டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். ராக்லண்டோடு நடந்த தமிழ் உபதேசியார்களின் பெயர்கள் அவ்வளவாக வெளியே வரவில்லை. தென்திருநெல்வேலிச் சபைகள் முறைவைத்து மாதாமாதம் ஆள் அனுப்பின. தங்கள் காசில் அனுப்பின என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஊழியத்தில் இருந்த ஒருவர் மட்டும் பிற்பாடு பெரும்பெயர் பெற்றார்: டபிள்யூ.டி. சத்தியநாதன். திருவேங்கடம் என்ற பெயரில் பிறந்து, பாளையங்கோட்டையில் பார்வையற்ற ஆசிரியரான குருஷாங்க்ஸிடம் படித்து, வீட்டாரின் எதிர்ப்பை மீறி 1847-ல் ஞானஸ்நானம் பெற்றவர். நாவலாசிரியை கிருபாபாய் சத்தியநாதன் இவருடைய மருமகள்தான்.

ஓர் ஊரில் எதிர்ப்பு வந்தால் பாதிரியார் கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்குப் போய்விடலாம். அவர் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் வாங்கியவன் எங்கே போவான்? அவனுக்குப் பொதுக்கிணற்றில் தண்ணீர் கிடையாது. நாவிதர் வரமாட்டார், வண்ணார் துணி எடுக்கமாட்டார். குத்தகை நிலம் கைமாறும், களவு வழக்கு ஒன்று எங்கிருந்தோ முளைக்கும். பெண் கொடுத்தவர்கள் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். மதம் மாறியவனுக்கு அப்பன் சொத்தில் பங்கு உண்டு என்று உறுதிசெய்யவே 1850-ல் ஒரு சட்டம், அந்த ஆண்டின் 21-ஆம் சட்டம், தேவைப்பட்டது. சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் எத்தனை பேர் வெறுங்கையோடு தெருவில் நின்றிருப்பார்கள்!

தென்மாவட்டங்களில் துன்புறுத்தல் என்றால் பெரும்பாலும் இதுதான். ரோமாபுரியின் சிங்கங்களைப் பற்றி ஞாயிறுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் சிங்கத்தின் முன் ஒருநாள் நின்றால் போதும். கிணற்றடியில் தினமும் நிற்க வேண்டும். 1799-ல் சாத்தான்குளம் பக்கம் சுந்தரானந்தம் டேவிட் என்ற உபதேசியார், விரட்டப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்த் தனி நிலத்தில் குடியேற்றினார். முதலூர் அப்படி உருவான ஊர். டேவிட் 1806-ல் காணாமல் போனார். விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. நாசரேத் போன்ற பெயர்களோடு தேரிக்காட்டில் எழும்பிய கிறிஸ்தவ ஊர்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்தத் துரத்தலின் கதை உண்டு.

இந்த வரலாற்றில் எல்லோரும் அறிந்த முகம் தேவசகாயம். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர். ஆடுமாடுகளும் விளைச்சலும் தொடர்ந்து நாசமாகி மனம் நொந்திருந்த சமயம், டி லனாய் அவரிடம் யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. டி லனாய் 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்து, பிறகு அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிக்காரர். எல்லாவற்றையும் இழந்த யோபு கடவுளோடு மல்லுக்கட்டினாரே தவிர கைவிடவில்லை என்பது நீலகண்டனைப் பிடித்துக்கொண்டது. 1745 மே மாதம், திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி வடக்கன்குளம் போய், சேசுசபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

1749 பிப்ரவரியில் கைது. ராஜதுரோகக் குற்றச்சாட்டு. எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக ஓட்டினார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். பெருவிளையில் வேப்ப மரத்தில் மாதக்கணக்கில் கட்டிப்போட்டார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். குண்டு பாய்ந்தது ஓர் இரவில் முடிந்துபோனது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள்தான் என்னைப் பொறுத்தவரை அவருடைய சாட்சி. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் பழைய உத்தியோகத்துக்கே போயிருக்கலாம்.

மதத்துக்காகத்தான் கொன்றார்களா என்பதில் கேரள வரலாற்றாசிரியர்கள் சிலருக்கு உடன்பாடில்லை. கத்தோலிக்கரான டி லனாயைப் படைத்தலைவராக வைத்திருந்த ராஜா, கத்தோலிக்கர் என்பதற்காக ஒருவரைக் கொல்வாரா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டி லனாய் வெளிநாட்டார், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஊர் அடுக்கு குலையாது. உயர்சாதி அரண்மனை அலுவலர் ஒருவர் கீழே வைக்கப்பட்டவர்களோடு சமமாக உட்கார்ந்ததுதான் பொறுக்க முடியாததாக இருந்தது என்று நினைக்கிறேன். மதமும் சாதியும் இங்கே தனித்தனியாகப் பிரிவதில்லை.

அவருடைய மனைவி பார்கவி, ஞானஸ்நானப் பெயர் ஞானப்பூ, கணவர் இறந்த பின் பிறந்தகம் திரும்பவில்லை. வடக்கன்குளத்திலேயே தனியாக வாழ்ந்து 1766-ல் இறந்தார். பலிபீடங்களில் அவருக்கு இடமில்லை.

அந்த வடக்கன்குளத்தில்தான், ஒரு நூறாண்டு கழித்து, 1870-களில் இரட்டைக் கூடம் வைத்து ஒரு கோவில் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஒரு பக்கம் பிள்ளைமார், மறுபக்கம் நாடார் முதலானோர், நடுவே சுவர். கால்சட்டைக் கோவில் என்று கேலிப் பெயர். 1910-ல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். பிள்ளைமார் தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஊர்விலக்கைத் தாங்கிய விசுவாசிகளின் பேரப்பிள்ளைகள் கோவிலுக்குள்ளேயே ஊர்விலக்கு நடத்தினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவர் நம் காலத்துச் செய்தி. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவிப்பதற்கு முன்பு, பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை எடுக்கச் சொல்லி ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் வத்திக்கானுக்கு எழுத வேண்டியிருந்தது. எடுத்தார்கள்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஒடிசாவில் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கந்தமால் கலவரம் 2008-ல் நடந்தது. அரசுக் கணக்கிலேயே 39 பேர் சாவு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் காட்டுக்கும் முகாம்களுக்கும் ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நம் பக்கம் அப்படி எரியவில்லை என்பது ஆறுதல்தான். இங்கே காகிதத்தில் நடக்கிறது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை தொடுத்த வழக்கை 1985-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவர் என்றால் அண்ணன் அங்கே வேட்பாளராகலாம், தம்பி முடியாது. இருவரும் ஒரே காலனியில் குடியிருப்பார்கள், டீக்கடையில் இருவரையும் ஒரே சொல்லால்தான் அழைப்பார்கள். தம்பியின் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் கிடைக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. அதனால்தான் பல குடும்பங்களில் பள்ளிக்கு ஒரு பெயர், கோவிலுக்கு ஒரு பெயர். இதைக் கோழைத்தனம் என்று பிரசங்கிப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதில்லை.

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அமைத்த ஆணையத்தின் கெடு நீண்டுகொண்டே போனது. டெல்லி முடிவெடுக்கும்போது எடுக்கட்டும். டெல்லியைக் கேட்காமலே செய்யக்கூடிய வேலையும் உண்டு. புனித தேவசகாயம் பெயரில் புதுக் கோவில் எழுப்பத் திட்டமிடும் பங்குகள், கட்டட நிதி திரட்டத் தொடங்கும் முன், தங்கள் கல்லறைத் தோட்டத்தில் யார் யாரை எந்தெந்தப் பக்கம் புதைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்து வரட்டும்.