லாரி லோடில் ஒரு கிராம் மருந்தையும் காட்டிக்கொடுக்கும் கருவி

ஏற்றுமதிக்குப் போகும் மிளகாய், கறிவேப்பிலையில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பது நிறை நிறமாலைமானி என்ற கருவி. மாதிரியில் உள்ள மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, நிறையை வைத்து அவற்றைப் பிரித்தறியும்.

1919-ல் இங்கிலாந்தில் ஆஸ்டன் உருவாக்கிய கருவி தனிமங்களின் நிறையை அளக்கத்தான் பயன்பட்டது. 1978-ல் அமெரிக்காவில் யோஸ்ட், என்கே இருவரும் மூன்று கட்டக் கருவியை அறிமுகப்படுத்தினர். முதல் கட்டம் சந்தேகப்படும் மூலக்கூறை மட்டும் பிரித்தெடுக்கும். இரண்டாவது அதை உடைக்கும். மூன்றாவது அந்தத் துண்டுகளை அளக்கும். துண்டுகள் கைரேகை போன்றவை. எந்த மருந்து என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது, பத்து டன் லாரிகள் பத்தில் மொத்தமே ஒரு கிராம்! இந்த அளவையும் இன்றைய கருவிகள் கண்டுபிடிக்கின்றன.

எனவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

* உங்கள் பயிருக்குப் பரிந்துரைத்த மருந்தை மட்டும், சொன்ன அளவில் தெளியுங்கள்.
* வேறு பயிருக்குப் பயன்படுத்திய தெளிப்பானை நன்கு கழுவுங்கள். டேங்கில் தங்கிய மிச்சமும் எச்சமாகலாம்.
* லேபிளில் உள்ள காத்திருப்புக் காலம் முடிந்தபின் அறுவடை செய்யுங்கள். ஊடுருவிப் பாயும் மருந்து கழுவினால் போகாது.
* மருந்தின் பெயர், தெளித்த தேதியை நோட்டில் எழுதி வையுங்கள்.