பளுதூக்கும் வண்டியும் அதன் பராமரிப்பும்



ரப்பர் ஆலையில் தயாராகும் கட்டி ரப்பர் ஒன்றின் எடை ஏறத்தாழ 33 கிலோ. 36 கட்டிகளைப் பலகை மேடையில் அடுக்கினால் 1,200 கிலோ. இந்தப் பளுவை அலுங்காமல் தூக்கி லோரியில் வைப்பது போர்க்லிப்ட் என்று நாம் வழங்கும் வண்டி. முன்னால் இரண்டு இரும்புக் கரங்கள். அவற்றை ஏற்றி இறக்க நிமிர்ந்த தூண், சங்கிலி, எண்ணெய் அழுத்தம். பின்னால், பளுவுக்கு ஈடுகொடுக்கக் கனத்த இரும்பு. இரண்டரை டன் தூக்கும் வண்டி தானே மூன்றரை டன்னுக்குக் குறையாது.

இதை ஓட்டுபவருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கழுவித் துடைப்பவருக்கு? பல இடங்களில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் கையில் ஒரு வாளியும் பழந்துணியும் கொடுத்து, “போய்த் துடைத்துவிட்டு வா” என்பதோடு சரி. என்னிடம் ஆறாம் வகுப்பு வரை படித்த ஒருவன் அப்படித்தான் போனான். தூணின் சங்கிலியைத் துடைத்துக் கொண்டிருந்தபோது வேறொருவர் வந்து இருக்கையில் ஏறி நெம்புகோலை இழுத்துவிட்டார். இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. மருத்துவமனையில் பார்க்கச் சென்றபோது, “சாவி யாரிடம் இருந்தது, தம்பி?” என்று கேட்டேன். “வண்டியிலேயேதான் சார் இருந்தது” என்றான்.

ஆகவே வாளியைத் தொடுமுன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கரங்களைத் தரையில் படும்படி முழுவதும் இறக்குங்கள். கைப்பிரேக்கைப் போடுங்கள். இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்து, துடைப்பவர் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுநரின் பையில் அல்ல. மின்சார வண்டியானால் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். உயர்த்திய கரங்களுக்குக் கீழே ஒரு நிமிடம்கூடத் தலையை நீட்டக் கூடாது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் கரங்கள் கீழே வந்துவிடும்.

இனித் துப்புரவு. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பெட்ரோலைத் தொட்டுத் துடைக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். சோப்புக் கரைசலே போதும். மின்கம்பிகள், மோட்டார் இருக்கும் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். உலர்ந்த துணியால் துடையுங்கள். மிதிகட்டைகளில் எண்ணெய் படிந்திருந்தால் அதை முதலில் நீக்குங்கள். பிரேக்கை மிதிக்கும் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மின்சார வண்டியின் பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது ஈய-அமில வகையானால், அதற்குள் இருப்பது கந்தக அமிலமும் ஈயத் தகடுகளும். மின்னேற்றம் செய்யும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். அங்கே சிகரெட் கூடாது. பேட்டரி மேல் ஸ்பேனரை வைப்பதும் கூடாது. இரு முனைகளையும் அது தொட்டுவிட்டால் பொறி பறக்கும். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றி வையுங்கள். வாயு தங்காமலிருக்க மூடியையும் அறைச் சன்னலையும் திறந்து வையுங்கள்.

தண்ணீர் ஊற்றுவது மின்னேற்றம் முடிந்த பிறகே. முன்பே நிரப்பினால் ஏற்றத்தின்போது திரவம் விரிந்து அமிலமாக வழியும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்குமளவு முன்னதாக ஊற்றலாம். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். குழாய் நீர் ஆகாது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். அமிலம் கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, பிறகு மருத்துவரிடம் செல்லுங்கள். தரையில் சிந்தியதன் மேல் சமையல் சோடாவைத் தூவினால் அதன் அமிலத்தன்மை தணியும்.

எண்ணெய்க் குழாயில் ஊசிமுனை அளவு கசிவு இருக்கலாம். அதைக் கையால் தடவித் தேடக் கூடாது. உள்ளிருக்கும் அழுத்தம் எண்ணெயைத் தோலைத் துளைத்துச் செலுத்திவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை கெட்டுப்போகும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், கறை காட்டிக்கொடுக்கும். தோலில் பாய்ந்துவிட்டால் வலி இல்லையே என்று வீட்டுக்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

துடைக்கும் கைதான் முதலில் குறையைக் காண்கிறது. கரம் வளையும் இடத்தில் விரிசல் உண்டா? பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் தூக்கும் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மாற்றியே ஆக வேண்டும். சங்கிலியின் 100 சென்டிமீட்டர் நீளம் 103 ஆகிவிட்டால் அதையும் மாற்ற வேண்டும்.

1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் கடமை வகுத்திருக்கிறது. குறையைக் கண்டால் வாயால் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதத் தயங்குபவருக்கு அருகில் இருப்பவர் எழுதிக்கொடுக்கலாம். அதைச் சரிசெய்யும் வரை சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.