தட்டில் இருக்கட்டும், தொட வேண்டாம்

பருப்புச் சாதத்தை மிக்சியில் அடித்துக் கொடுத்தால் அந்த மூன்று வயதுப் பையனுக்கு இறங்கும். நடுவில் ஒரு பருக்கை அகப்பட்டால் போதும், குமட்டி மொத்தத்தையும் கக்கிவிடுவான். “பட்டினி போடு, தானா சாப்பிடுவான்” என்பார்கள் வீட்டில். இவனிடம் அது பலிக்காது.

விழுங்குவது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. நாக்கு கவளத்தைக் கடைவாய்க்குத் தள்ள வேண்டும். மென்றதைத் திரட்டிப் பின்னால் அனுப்ப வேண்டும். அந்த நொடியில் மூச்சுப்பாதை மூடிக்கொள்ள வேண்டும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் இந்த ஒழுங்கு கருவின் 34ஆவது வாரத்தையொட்டித்தான் கூடிவருகிறது. முன்னதாகப் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் குழாய்வழிப் பால்தான். தொண்டையில் குழாய் உரசியே பழகிய பிள்ளை பிறகு கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வதுண்டு. மூளை முடக்குவாதம், அன்னப்பிளவு, ஆட்டிசம் எனக் காரணங்கள் வேறாகவும் இருக்கலாம்.

இப்படி உண்ணத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சாப்பிடப் பழக்கும் ஃபீடிங் தெரபியில் முதல் கேள்வி, உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்பது. சந்தேகம் இருந்தால் பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். அடுத்தது நாற்காலி. கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு நிற்காது, தாடையும் நிற்காது. இடுப்பில் தூக்கிவைத்து, செல்போனைக் காட்டி, அசந்த நேரத்தில் வாயில் திணிக்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

பிறகுதான் உணவு. அதுவும் வாய்க்கு இல்லை. வேகவைத்த கேரட் துண்டு முதலில் மேசையில் சும்மா இருக்கும். அப்புறம் முகர்வது, விரலால் நசுக்குவது, உதட்டில் ஒற்றுவது, நக்குவது. கடித்துவிட்டுத் துப்பினாலும் வெற்றிதான். அமெரிக்க உளவியலாளர் கே டூமியின் முறையில் இப்படி 32 படிகள். முறுக்கு மட்டுமே தின்னும் ஆறு வயதுப் பெண்ணுக்கு அடுத்தது கீரை இல்லை, காராசேவு. அதற்கடுத்து முறுகல் தோசையின் ஓரம். மாதக்கணக்கில் இழுக்கும். பாட்டிகளுக்குத்தான் பொறுக்காது.

எடை ஏறாமல் நிற்பது, குடிக்கும்போதெல்லாம் இருமல், சாப்பிட்டதும் குரல் கரகரப்பது, ஒவ்வொரு வேளையும் அரைமணிக்கு மேல் போராட்டம்: இவை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் உள்ளன; 18 வயதுவரை இலவசம். போகும்போது பிள்ளை சாப்பிடும் பண்டம் ஒன்று, சாப்பிடாத பண்டம் ஒன்று, கூடவே வீட்டுக் கரண்டி, தம்ளர் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். பையைப் பிரித்ததும் அவன் முகம் போகும் போக்கைத்தான் தெரபிஸ்ட் முதலில் பார்ப்பார்.