மலசலப் பழக்கமும் விசேட தேவையுடைய பிள்ளையும்

விசேட தேவையுடைய பிள்ளை பாடசாலையிலே காற்சட்டையை நனைப்பின், அதனைப் பிடிவாதம் என்றலும், 'பழகிய பின் அனுப்புக' எனப் பெற்றோரிடம் திருப்பிவிடுதலும் பொருந்தா. சிறுநீர்ப்பை நிறைந்ததை உணர்தல், அடக்குதல், இடத்தை அடைதல், உடை களைதல், அமர்தல், கழுவுதல் என்பன தனித்தனித் திறன்கள். எப்படியிலே பிள்ளை தடைப்படுகின்றது என்பதையே முதற்கண் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திற் பணியாற்றிய அஸ்ரின், பொக்ஸ் என்னும் உளவியலாளர், அறிவு வளர்ச்சி குன்றிய வளர்ந்தோர்க்கான பயிற்சிமுறையொன்றை 1971 இல் வெளியிட்டனர். மிகுதியாகப் பருகக் கொடுத்தல், குறித்த நேரந்தோறும் அமர்த்துதல், வெற்றிக்கு உடன் பரிசளித்தல், நனைந்ததும் ஒலிக்கும் கருவியை அணிவித்தல் என்பன அதன் கூறுகள். கண்டித்தலும் அதிலிருந்தது, அது விலக்கத்தக்கது. பாடசாலை கொள்ளத்தக்கது நேர ஒழுங்கே. பிள்ளை நனைக்கும் வேளைகளைச் சில நாட்கள் குறித்துவைத்து, அவற்றிற்குச் சற்று முன்னர் மலசலகூடத்திற்கு அழைத்துச் செல்லலாம். உணவுண்டதும் பெருங்குடல் இயல்பாகவே இயங்குமாதலின், உணவு இடைவேளையின் பின் சில நிமிடம் அமர்த்துதல் நன்று. அப்போது பாதங்கள் தொங்கலாகாது.

ஓட்டிசமுடைய பிள்ளைக்குத் தண்ணீர் பாயும் ஓசையே அச்சந் தரலாம். பிள்ளை வெளியேறிய பின் நீர் பாய்ச்சுதல் எளிது. பேசாத பிள்ளைக்கு ஒரு பட அட்டை போதும். ஆயின் வீட்டிலும் அதே அட்டையே வழங்கவேண்டும்.

நனைக்குமென அஞ்சித் தண்ணீரைக் குறைப்போர் உளர். அது மலச்சிக்கலை வளர்க்கும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்மலம் கசிவதை வயிற்றோட்டமென மயங்குதலும் உண்டு. அங்கே பயிற்சிக்கு முன் மருத்துவரை நாடுதல் வேண்டும்.