தென்னையும் திறைசேரியும்

முன்னேச்சரத் திருவாயிலில் தேங்காய் உடைத்து வழிபடுவோருள், அக்காயின் நலங்கருதி உழைக்கும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அயலிலேயே உண்டென்பதை நினைப்பார் சிலரே. புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் அமைந்துள்ளது. அறிவியலாராய்ச்சிக்கு அரசு எவ்வாறு பொருளளித்தல் வேண்டும், எந்த அளவில் அதனை ஆளுதல் வேண்டும் என்னும் வினாவை ஆராய்வதற்கு இதன் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1928ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, 1929இல் 'தெங்கு ஆராய்ச்சித் திட்டம்' என்னும் பெயருடன் இது தோன்றியது. ஏற்றுமதியாகும் தெங்குப் பொருள்கள்மீது விதிக்கப்பட்ட சிறு தீர்வையே இதற்கு முதலாயிற்று. தீர்வையை விதித்தது அரசு. அதன் சுமையைத் தாங்கியது தென்னைத் தொழில். பின்னர், 1971ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கத் தெங்கு அபிவிருத்திச் சட்டத்தின்வழி, நிறுவகத்தை நடத்தும் பொறுப்பு அமைச்சின் கீழ் இயங்கும் தெங்கு ஆராய்ச்சிச் சபைக்கு உரியதாயிற்று.

நிற்க, இத்துறையில் அரசு தலையிடுவது ஏன்? 1997இன் இறுதியில் கற்பிட்டிப் பகுதியில், இளங்குரும்பைகளைத் தாக்கும் நுண்ணிய சிற்றுண்ணி ஒன்று இலங்கையில் முதன்முறையாகக் காணப்பட்டது. அதனை இரையாக்கும் வேறோர் உண்ணியினத்தை ஆய்வுகூடத்திற் பெருக்கித் தோட்டங்களில் விடும் முறையை நிறுவகத்தார் வகுத்தனர். வேலி கடந்து பரவும் பீடையைத் தனியொருவர் தம் செலவில் ஆராய்தல் இயலுமோ? பயன் யாவர்க்கும் பொதுவாதலின், செலவும் பொதுவாதல் முறையே.

ஆயினும், பொதுப்பணம் ஆண்டுதோறும் அளவிடப்படுவது. தென்னையோ ஆண்டுக்கணக்கிற் பயன் காட்டுவதன்று. 1955இல் அம்பக்கெல்லையில் நெட்டை, குட்டை இனங்களைக் கலந்து வித்துப் பெறுதற்கெனத் தனித்ததொரு விதைத்தோட்டம் அமைக்கப்பட்டது. அத்தகைய கலப்பினமொன்றின் தகுதியைத் தெளிய, நட்டு, காய்க்கவிட்டு, பல பருவம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடையில் ஆட்சி மாறலாம், அமைச்சர் மாறலாம். ஈராண்டு பணம் தடைப்படின், அக்காலத்து அளவீடுகளைப் பின்னர் எப்பொருள் கொடுத்தும் பெறல் அரிது.

தீர்வை முறையும் குறையற்றதன்று. ஏற்றுமதி தளரும்போது தீர்வை வருவாயும் குன்றும். ஆராய்ச்சி மிகவும் வேண்டப்படும் காலமோ அதுவே. ஆதலின், பணம் எவ்வழி வருகின்றது என்பதினும், எத்தனை ஆண்டுக்கு உறுதியாய் வருகின்றது என்பதே முதன்மையான வினாவாகும்.

எப்பீடையை முதலில் ஒழித்தல் வேண்டும், எந்நிலத்துக்கேற்ற இனம் வேண்டும் எனக் குறித்தலும், செலவுக்குக் கணக்குக் கேட்டலும் அரசின் உரிமை. எம்முறையால் ஆராய்வது, கண்ட முடிவு யாது என்பன ஆராய்வார் பொறுப்பு. விரும்பத்தகாத முடிவையும் அஞ்சாது வெளியிட இயலாத கூடத்தின் சொல்லை, விரும்பத்தக்க முடிவிலும் உழவர் நம்பார். தென்னம்பிள்ளையை நட்டவர் அது வேரூன்றியதா என்று நாடோறும் பிடுங்கிப் பார்ப்பதில்லை. நீர் விட்டுக் காத்திருப்பர். ஆராய்ச்சியைப் பேணும் அரசுக்கும் அப்பொறுமை வேண்டும்.